டிராக்கிங், சார்!

பங்குச் சந்தை பிற்பகல் மூன்றரைக்கு மூடுகிறது. சுந்தரராமனின் நாள் அப்போதுதான் திறக்கும்.

‘கூட்டுவட்டி நண்பர்கள்’ என்ற இணையக் குழுவில் பெங்களூர்த் தமிழர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். பங்கு, பரஸ்பர நிதி, காலாண்டு முடிவு என்று பகலெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ள அதில் ஓர் அறை. உடைந்த மண்டையோடு வந்து வம்பளக்க இன்னோர் அறை. அதற்குப் பெயர் ‘மூணரைக்கு அப்புறம்’. பங்கைப் பற்றி அங்கே மூச்சு விடக் கூடாது என்பது ஒன்றே சட்டம். மற்றபடி தண்ணீர் லாரி, சில்க் போர்டு நெரிசல், எந்தக் கடையில் தோசை முறுகல், மாடித் தோட்டம், மாமியார், மறுபிறவி எதையும் பேசலாம். முதல் அறையில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் இரண்டாவது அறையில் ஞானிகளாக இருந்தார்கள்.

சுந்தரராமன் முதல் அறையில் ஒன்றும் கிழித்துவிடவில்லை. இரண்டாவது அறையில் அவர் சக்கரவர்த்தி. அரசுத் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மல்லேஸ்வரம் வீட்டில் உட்கார்ந்த மனிதருக்கு, ‘சுந்தர் சார், நீங்க சொன்னா சரிதான்’ என்று தினமும் நாலு பேர் எழுதினால் தலை நேராக நிற்குமா? “நண்பர்களே, ஒரு சிறு சிந்தனை” என்று தொடங்கித் தினம் ஒன்று போடுவார். அது சிறிதாகவும் இருக்காது, சிந்தனையாகவும் இருக்காது. ஆனாலும் கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழும். அவற்றை அவர் மத்தியானத் தூக்கத்துக்கு முன் ஒரு தரம், பின் ஒரு தரம் பார்ப்பார்.

அவர் எழுதியதிலேயே உருப்படியானது ஒரு அகராதி. முதலீட்டாளர்கள் வழக்கமாகச் சொல்கிற வார்த்தைகளுக்குக் குறும்பாக அர்த்தம் எழுதியிருந்தார். ‘நீண்டகால முதலீடு: விற்க முடியாமல் மாட்டிக்கொண்ட பங்கு.’ ‘டிராக்கிங்: வாங்கப் போவதில்லை என்பதை, வாங்கப் போகிறவன் முகத்தோடு சொல்வது.’ அறையே விழுந்து விழுந்து சிரித்தது. குழுவை நடத்தும் சந்திரசேகரன் அதை அறையின் உச்சியிலேயே குத்தி வைத்தார். அன்று முதல் யாராவது ஒரு பங்கைப் புகழ்ந்தால், மற்றவர்கள் ‘கவனித்துக்கொண்டிருக்கிறேன்’ என்ற பாவனையில் ‘டிராக்கிங், சார்!’ என்று எழுதிவிட்டு நகர்ந்துகொண்டார்கள். புகழ்ந்தவர் மனமும் கோணாது, இவர்கள் பையும் கரையாது.

இப்படி இருக்கும்போது சுந்தரராமனுக்கு அறுபது நிறைந்தது. சஷ்டியப்தபூர்த்திக்கான நட்சத்திரம் ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. சந்தை விடுமுறை. யாருக்கும் சாக்குச் சொல்ல வழியில்லை என்று அவருக்கு அதிலேயே பாதி சந்தோஷம்.

மல்லேஸ்வரத்தில் ஒரு சின்ன ஹால் கிடைத்தது. நூறு பேர் உட்காரலாம். அங்கேதான் வினையும் ஆரம்பித்தது.

“அக்காவாத்துல எல்லாரையும் அழைச்சாகணும்” என்றாள் மனைவி ஜகதாம்பாள்.

“எல்லாரும்னா?”

“தமயந்தி அக்கா, அத்திம்பேர், மூணு பிள்ளைகள், நாட்டுப்பொண்கள், குழந்தைகள், அத்திம்பேரோட தம்பியாத்துக்காரா…”

“ஜகா, நாம எடுத்திருக்கறது ஹால். மைசூர் அரண்மனை இல்லை.”

“அப்போ நீங்க கூப்பிடப்போற அந்த ஃபோன்ல இருக்கறவா எங்கே உட்காருவா?”

“அவா என் சிநேகிதா.”

“ஒருத்தர் மூஞ்சியையாவது பார்த்திருக்கேளா?”

பார்த்ததில்லை. படம் வைக்க வேண்டிய இடத்தில் ஒருவர் காளை மாட்டை வைத்திருந்தார், ஒருவர் சூரியோதயத்தை, ஒருவர் பழனி முருகனை. ஆனால் இதையெல்லாம் மனைவியிடம் ஒப்புக்கொள்ள முடியுமா?

“மூஞ்சி என்ன மூஞ்சி? போன மாசம் பல்வலின்னு போட்டேன். எண்பது பேர் விசாரிச்சா. உங்கக்கா விசாரிச்சாளா?”

“அவகிட்ட நீங்க சொல்லவே இல்லையே!”

“சொன்னாத்தான் விசாரிக்கணுமா?”

கடைசியில் அக்காவும் அத்திம்பேரும் மட்டும் நேரில் வரலாம், மற்றவர்களுக்கு நேரலை லிங்க் அனுப்பிவிடலாம் என்று அவரே தீர்ப்பு எழுதினார். அதை மைசூர் அக்காவுக்குப் போன் செய்து சொல்ல வேண்டிய வேலை மட்டும் ஜகதாம்பாளுக்கு.

“லிங்க்கா?” என்றாள் தமயந்தி, மைசூர்க் கன்னடம் கலந்த தமிழில். “சும்னே எங்க ரெண்டு பேருக்கு மட்டும் எதுக்குடி இலை? நாங்களும் லிங்க்லயே பார்த்துக்கறோம்.”

போனை வைத்துவிட்டாள். ஜகதாம்பாளுக்குத் தாயாரின் இடத்திலிருந்து கல்யாணம் செய்துவைத்த அக்கா. சுந்தரராமன் அப்போது அழைப்பிதழுக்கு எழுத்துரு தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

அழைப்பை மூன்றரை அடித்து ஒரு நிமிஷத்தில் போட்டார். “நண்பர்களே, இதுவரை எழுத்தில் சந்தித்தோம். இனி இலையில் சந்திப்போம்.” இந்த வரிக்காக இரண்டு நாள் உழைத்திருந்தார். பொம்மனஹள்ளி சுஹாஸ்தான் முதலில் பாய்ந்து வந்தான்.

“டிராக்கிங், சார்!”

அவ்வளவுதான், அறை களைகட்டிவிட்டது. டிராக்கிங் சார், நானும் டிராக்கிங், குடும்பத்தோடு டிராக்கிங். சந்திரசேகரன் தன் கௌரவத்துக்கேற்ப நீளமாக எழுதினார்: “சுந்தர் சார் நம் குழுவின் நீண்டகால முதலீடு. மிகுந்த ஆர்வத்துடன் டிராக்கிங்.” மாடித் தோட்டப் படங்களை மட்டுமே போடும் சங்கமித்ரா ஒரு ரோஜாவைப் போட்டாள். பிறகு பேச்சு, சாப்பாட்டில் போளி உண்டா என்று திரும்பி, அதைப் போளி என்பதா ஒப்பட்டு என்பதா என்று முற்றி, இரண்டு பேர் குழுவை விட்டே வெளியேறினார்கள்.

சுந்தரராமன் உட்கார்ந்து எண்ணினார். எழுபது.

“டிராக்கிங்னா வரேன்னு அர்த்தமா?” என்று கேட்டாள் ஜகதாம்பாள்.

“பின்னே?”

ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் மகன் அஷ்வத், சோபாவிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னான். “அப்பா, அதுக்கு அர்த்தம் எழுதினதே நீங்கதான். மேலேயே குத்தி வெச்சிருக்கு, பாருங்கோ.”

“அது பங்குக்குடா. மனுஷாளுக்கு அர்த்தம் வேற.”

சமையல்காரரிடம் எழுபது இலை சேர்த்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே தூறல். சொந்தத்தில் வடிகட்டி எடுத்த முப்பது பேர் வந்திருந்தார்கள். அவர்கள் பின்வரிசைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். முன்வரிசைகளில் ‘மூணரைக்கு அப்புறம் குடும்பம்’ என்று தாள் ஒட்டியிருந்தது. நேரலை கேமரா அந்தக் காலி நாற்காலிகளைத் தாண்டித்தான் மணவறையைப் பார்த்தது.

சாஸ்திரிகள் கலசத் தீர்த்தத்தைக் கொட்டக் கொட்ட, சுந்தரராமன் நனைந்த தலையோடு வாசலைப் பார்த்தார். தாலியை இரண்டாம் தரம் கட்டும்போதும் வாசலைத்தான் பார்த்தார்.

“மாமா, முடிச்சு அங்கே இல்லை, இங்கே” என்றார் சாஸ்திரிகள்.

ஜகதாம்பாள் குனிந்த தலை நிமிரவில்லை. முதல் கல்யாணத்தில் அது வெட்கம்.

அப்போது வாசலில் ஒரு ஆள் தெரிந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். நனைந்த ஜெர்கின், ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் பெரிய பூங்கொத்து. சுந்தரராமனின் கண்ணாடி அஷ்வத்தின் பையில் இருந்தது. கண்ணாடி இல்லாமல் பார்த்தாலும் பூங்கொத்து பூங்கொத்துதானே?

“வந்துட்டார்!” என்று எழுந்தேவிட்டார். புது வேட்டியோடு மணவறையிலிருந்து இறங்கிப்போய் அந்த ஆளை அப்படியே கட்டிக்கொண்டார். “பொம்மனஹள்ளிலேர்ந்து இந்த மழையில வந்திருக்கேளே! நீங்க சுஹாஸ்தானே? நான் நெனச்சதைவிடப் பெரியவரா இருக்கேளே!”

“சார், சார், பூ நசுங்குது சார்.”

“நசுங்கட்டும்! அஷ்வத், சந்தனம் எடுத்துண்டு வா. ஜகா, சொன்னேனே பார்த்தியா? இவர்தான் சுஹாஸ். மத்தவா எல்லாம் பார்க்கிங் தேடறாளா?”

“சார், சுந்தரராமன்னா நீங்களா?”

“பின்னே? தினம் பேசறோம், என்னைத் தெரியலையா?”

“ஓடிபி சொல்லுங்க சார்.”

சுந்தரராமன் சிரித்தார். மூன்றரைக்கு அப்புறத்துக்காரர்களின் குறும்பு அவருக்குத் தெரியாதா? “அறுபது!” என்றார்.

“நாலு நம்பர் சார். ஆர்டர் போட்டவங்களுக்கு வந்திருக்கும். கேட்டுச் சொல்லுங்க, லேட் ஆவுது. நமக்கு இன்னும் டெலிவரி கீது.”

ஜெர்கினைத் திறந்து அவர் போனை எடுத்தபோது, உள்ளே கம்பெனிச் சட்டையின் எழுத்து தெரிந்தது. கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்து. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். பூங்கொத்திலிருந்த அட்டையை அஷ்வத் படித்தான்: ‘அன்புடன், மூணரைக்கு அப்புறம் குடும்பம். எல்லோரும் சேர்ந்து.’

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுந்தரராமன் அறையைத் திறந்தார். அங்கே கூட்டம் தாங்கவில்லை. நேரலை லிங்க்கை அவரே பெருமைக்காகக் குழுவிலும் போட்டுவைத்திருந்தார். சாஸ்திரிகளின் உச்சரிப்பு, மாமியின் புடவை நிறம், ஒப்பட்டு விவகாரத்தின் இரண்டாம் பாகம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஓடிபி கேட்டு எழுதினார். சந்திரசேகரனிடமிருந்து நொடியில் பதில் வந்தது. நாலு எண். கீழேயே இன்னொரு வரி: “பூ மடிவாளா தாண்டினதுலேர்ந்து நான் டிராக்கிங்லதான் இருக்கேன் சார்.”

டிராக்கிங். அதற்கு மேலே, அறையின் உச்சியில், அவருடைய அகராதி குத்தியபடியே இருந்தது.

“சாப்பிட்டுட்டுப் போங்கோ” என்றாள் ஜகதாம்பாள் பூ கொண்டுவந்தவரிடம்.

“இல்லம்மா, டைம் ஓடிட்டே இருக்கு. சாருக்கு என் வாழ்த்தைச் சொல்லிடுங்க” என்று அவர் ஓடினார். அன்று அந்தப் பக்கத்திலிருந்து நேரில் வந்த ஒரே வாழ்த்து அதுதான்.

முதல் பந்தி முடிந்தது. அதோடு பந்தியும் முடிந்தது. சமையல்காரர் வந்து, கட்டு பிரிக்காத இலைகளைப் பார்த்துவிட்டு ஜகதாம்பாளிடம் மெதுவாகக் கேட்டார்.

“அடுத்த பந்திக்கு எப்போம்மா போடறது?”

“அவரைக் கேளுங்கோ. அவருக்குத்தான் கணக்கு தெரியும்.”

அவர் மூலையில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார். உண்மையை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தார். ‘ஒருத்தராவது வந்திருக்கலாம்’ என்று எழுதினார். ‘வந்திருக்கலாம்’ என்பதில் கெஞ்சல் தெரிந்தது. அழித்தார். நாளை மூன்றரைக்கு இந்த முகத்தோடு எப்படி உள்ளே போவது? சிறு சிந்தனையை யாரிடம் போடுவது? ஒரு முழு இலையைப் படமெடுத்துப் போட்டுக் கீழே எழுதினார்: “நண்பர்களே, ஹால் நிரம்பி வழிந்தது. நேரில் வந்து சிறப்பித்த அனைவருக்கும் நன்றி.”

நேரலையில் காலி நாற்காலிகளைப் பார்த்தவர்கள்கூட, சாப்பாட்டு நேரத்துக்கு மற்றவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள், நாம்தான் போகவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு சுஹாஸ் வந்தான்.

“அருமையான சாப்பாடு சார். கூட்டத்துல உங்ககிட்ட வந்து பேச முடியல.”

வழி பிறந்துவிட்டது. “ஒப்பட்டு பிரமாதம்” என்றார் ஒருவர். “இரண்டாவது பந்தியில் உட்கார்ந்தேன், பாயசம் கொஞ்சம் ஆறியிருந்தது, மற்றபடி சொர்க்கம்” என்றார் இன்னொருவர். “மாமி ரொம்ப இனிமையானவர், வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்” என்று சங்கமித்ரா எழுதினாள். சந்திரசேகரன் எல்லோருக்கும் மூத்தவர் என்ற முறையில் முடித்துவைத்தார்: “இதுபோன்ற நேரடிச் சந்திப்புகள்தான் நம் குழுவின் பலம்.”

அஷ்வத் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். “பாயசம் ஆறியிருந்ததாமே! சமையல்காரர்கிட்ட சொல்லட்டுமா?”

சுந்தரராமன் பார்த்துப் பார்த்து எழுதினார். “உங்களை நேரில் சந்தித்ததில் பெரு மகிழ்ச்சி, சுஹாஸ். நான் நினைத்ததைவிட இளமையாக இருக்கிறீர்கள்.” கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

முன்வரிசை நாற்காலிகளிலிருந்து ஹால்காரர் தாள்களைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பாத்திரங்களுக்கு நடுவே நின்று, கழுத்தில் புதுத் தாலியோடு, ஜகதாம்பாள் மைசூருக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

“லிங்க்ல நன்னா தெரிஞ்சுதாக்கா?… முன்னாடி நாற்காலியா?… ஆமா, காலியாத்தான் இருந்தது… சரி, அதை விடு. நாளைக்குக் கார்த்தால ரயில்ல நான் வரேன். போளி மலையாட்டம் இருக்கு, எல்லாருக்கும் கொண்டு வரேன்… அவரா? இல்லக்கா, அவர் வரலை.”

மூலையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.

“அவருக்கு இங்கே கூட்டம் தாங்கலை.”