ஒண்ணும் தெரியல

சோப்புத் தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே மூக்கு. வருகைப் பதிவேட்டில் மட்டும் வேறு பெயர் இருந்தது; அதை அவரே சில நாள் மறந்துபோவார். இருபத்திரண்டு வருடங்களாக அவர் முகர்ந்து தலையாட்டாமல் ஒரு சோப்பும் காகிதம் சுற்றிக்கொண்டதில்லை.

மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது. போகிற போக்கில் உலகத்து வாசனை அத்தனையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போனது. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து, அடுத்த வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியபோது, அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் மூக்கு.

"ஆபீஸ்ல சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"சொன்னா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மூக்கில்லாத மூக்கை வச்சு என்ன பண்ணுவாங்க?"

சொல்லவில்லை. வேறு வழி கண்டுபிடித்தார். சோப்பை முதலில் பக்கத்து மேஜைக்காரரிடம் நீட்டி, "எப்படி இருக்கு, பாருங்க" என்பார். அவருடைய நாசி விரிந்தால் நல்ல சோப்பு, சுருங்கினால் கழிவு. மூன்று மாதத்தில் ஒரு தவறும் நேரவில்லை. மூக்கு வேலை செய்த காலத்தில் மாதத்துக்கு ஒன்றிரண்டு நேர்ந்ததுண்டு. அதை நினைத்துப் பார்க்க அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மையார் வந்தார். மனோதத்துவம் படித்தவர். முகர்கிறவர்களுக்குப் பரிசோதனையாம், தேறாதவர் கிடங்கில் மூட்டை எண்ணப் போகவேண்டியதுதான்.

மஞ்சள் மூடி போட்ட சின்னப் புட்டியை மேஜையில் வைத்தார்.

"புது எலுமிச்சை வாசனை. ரொம்ப மெல்லிசு. நல்ல மூக்குக்குத்தான் பிடிபடும்."

மேனேஜர் முதலில் முகர்ந்தார். "ஆஹா! அப்பதான் தோலைக் கிள்ளின மாதிரி இருக்கு."

"தோல் மட்டுமா சார்? இலையோட வாசனையும் வருது," என்றார் பக்கத்து மேஜைக்காரர், விட்டுக்கொடுக்காமல்.

இரண்டு பேர் நாசியும் பந்தல் போட்டதுபோல் விரிந்திருந்தன. மூக்கு செய்யவேண்டியதெல்லாம் 'எலுமிச்சை' என்று ஒரு வார்த்தை சொல்வதுதான். புட்டியை எடுத்தார். மூன்று மாதப் பொய் அவருக்கே அலுத்துப்போயிருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"ஒண்ணும் தெரியல, மேடம்."

கிடங்கின் மூட்டைகள் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்து நின்றன.

அம்மையார் எழுந்தே விட்டார். "வெறும் தண்ணி! குழாய்த் தண்ணி! எட்டுத் தொழிற்சாலை போயிட்டு வந்திருக்கேன். இதுல ஒண்ணும் இல்லன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"இல்லன்னு சொல்லல மேடம். தெரியலன்னுதான் சொன்னேன். எனக்கு மூக்கே போச்சு. மூணு மாசமாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். "எங்க ஆளுக்குத் தன்னடக்கம் கொஞ்சம் ஜாஸ்தி," என்றார் மேனேஜர். குழாய்த் தண்ணீரில் எலுமிச்சைத் தோல் கிள்ளிய அதே மேனேஜர்.

"சத்தியமா சார்."

"போதும்யா, கண்ணு பட்டுடப் போகுது."

மாலைக்குள் உத்தரவு வந்துவிட்டது: தலைமை முகர்வாளர்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "சொல்லிட்டீங்களா?"

"ரெண்டு தடவை சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"எனக்கு மூக்கு போச்சு. அவங்களுக்குக் காது போயிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. உத்தரவை வாங்கி இரண்டு முறை படித்து, மடித்து மேஜைமேல் வைத்தாள். அவர் வழக்கம்போல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நாசி லேசாகச் சுருங்கியது.

"அடுப்புல ஏதோ தீயுது," என்றார் தலைமை முகர்வாளர்.