தூங்குமூஞ்சி மரத்தில் நாற்பது பேர்

கோலா சிலாங்கூர் கடைத்தெருவில், நஜ்முதீனின் தேநீர்க் கடை முன்னால் நின்ற தூங்குமூஞ்சி மரம் பாதி ஊருக்குக் குடை பிடித்தது. மீதிப் பாதிக்கு விசிறி வீசியது. அதன் நிழலில் இருந்த கிணற்றுத் தண்ணீர் கண்ணாடியாய்த் தெளிந்து, குளிர்ந்து கிடந்தது. அந்தத் தண்ணீரில் போட்ட தேநீருக்காகப் அக்கரைப் பாசிர் பெனம்பாங்கிலிருந்து ஆட்கள் ஆற்றைக் கடந்து வந்தார்கள். எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த சீனி முகம்மதுவின் கிணறோ வெயிலில் பாசி பிடித்து நாறியது. அவர் மனைவி கதீஜாவே குடிக்க நஜ்முதீன் கிணற்றில்தான் ஒரு குடம் மொள்ளுவாள். சீனி முகம்மதுவின் வயிறு எரிந்த எரிச்சலுக்கு அடுப்பே வேண்டாம், அதன்மேலேயே தண்ணீர் கொதிக்க வைக்கலாம்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் அது. கம்யூனிஸ்ட்டுகள் ஒளிந்துவிடக் கூடாதென்று சாலையோரப் புதர்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் தமிழ் பழகிய போலீஸ் துரை ஒருவர் வந்து இறங்கியதும், சீனி முகம்மது ஓடிப்போய் சலாம் வைத்தார்.

"துவான், மூணு வருசமா எதிர்லதான் கடை வச்சிருக்கேன். இந்த மரத்த விட்டுட்டீங்களே! நாப்பது பேரு ஒளியலாம், துப்பாக்கியோட!"

துரை மரத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"மூணு வருசமா எதிர்ல கடை வச்சிருக்கே. இத்தன நாளா ஏன் சொல்லல? நீ அவங்க ஆளா?"

சீனி முகம்மது இரண்டு கையையும் ஆட்டினார். "இல்ல துவான்! ஒரு ஆளுகூட ஒளிய முடியாது!"

"அப்படியா? ஏறு. கண்ணுல படலேன்னா மரத்த வெட்டுவேன், உன்னை ஜீப்புல ஏத்துவேன்."

அவரைக் ‘காக்கா’ என்று அண்ணன் முறை சொல்லும் நஜ்முதீன்தான் தோள் கொடுத்து ஏற்றிவிட்டார். "பாத்து காக்கா, அந்தக் கிளை வழுக்கும்."

பாழாய்ப்போன இலைகள் தொட்டில் பிள்ளையைப் போல அவரை மூடிக்கொண்டன.

"ஆளையே காணோமே!" என்றார் துரை.

சீனி முகம்மது தொப்பையை இலைக்கு வெளியே தள்ளினார். தொப்பியைச் சுழற்றினார்.

"தெரியுதா துவான்? இந்தா தொப்பை! நல்லாப் பாருங்க லா!"

"தெரியுது, தெரியுது! கரையில போட்ட சுறா மாதிரி தெரியுது!" என்று கத்தினார் தேநீர் குடித்துக்கொண்டிருந்த படகுக்காரர் சன்னாசி.

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரம் தப்பியது.

நஜ்முதீன் ஒரு டின்னில் தேநீர் ஊற்றிக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார். "குடிச்சிட்டு மெதுவா எறங்குங்க காக்கா. மரத்தக் காப்பாத்துனதே நீங்கதான்."

குடித்தார். நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றை இன்னும் எரித்தது.

இறங்கும்போது மடி புடைத்திருந்தது. "என்ன காக்கா அது?"

"ஒன்னுமில்ல."

மறுநாள் விடிந்ததும் தம் கிணற்றடியில் பாசியைச் சுரண்டிவிட்டு, மரத்தில் பறித்த விதைகளை ஊன்றினார். முளைத்த நாளிலிருந்து தினமும் நாலு தரம் எதிர்மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு தம் கன்றைக் குனிந்து பார்த்து அதட்டினார்:

"ம், வளரு! அதவிட ஒரு முழமாவது கூட வளரணும்!"