பனையேறிக் கெண்டைக்குப் பணி ஓய்வு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எரிகிற கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சொல்வது. ஒரு சொல் கூடியிருந்தால் சொன்ன நாக்கு அழுகட்டும். ஒரு சொல் குறைந்திருந்தால் அது அச்சடித்தவர் கோளாறு.

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கிரானைட் அறுக்கிற பட்டறையைத் தாண்டினால் தொட்டேரி. தொட்ட என்றால் கன்னடத்தில் பெரிய. ஏரி என்னவோ சின்னதுதான். பெயர் வைத்தவருக்குக் கன்னடம் தெரியாது என்று பாதிப் பேரும், அவர் ஏரியையே பார்த்ததில்லை என்று மீதிப் பேரும் சொல்வார்கள். அதன் மதகுக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில், ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை, அதாவது ஏ ஷிப்ட் முழுக்க, அதில் தீர்த்தகிரி உட்கார்ந்திருப்பார்.

ஓசூரில் பிஸ்டன் வளையம் செய்கிற ஒரு கம்பெனியில் முப்பத்து மூன்று வருடம் டைம் ஆபீஸில் இருந்த மனிதர். யார் வந்தான், யார் வரவில்லை, யார் கார்டை மட்டும் குத்திவிட்டுச் சுவர் ஏறிக் குதித்தான் என்று எழுதுவதே வேலை. ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் வருகை எழுத ஆள் இல்லை. பெண்டாட்டி சரசம்மாவை எழுதிப் பார்த்தார்.

"ஆறு அஞ்சுக்கு அடுப்படிக்கு வந்திருக்கற. அஞ்சு நிமிஷம் லேட்டு."

அன்றைக்குக் காலைக் காபி அவருக்கு மதியம் ஒன்றரைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் பழைய மஸ்டர் ரோல் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய் மீனுக்கு வருகை எழுத ஆரம்பித்தார்.

எல்லா மீனுக்கும் அல்ல. பனையேறிக் கெண்டைக்கு மட்டும். மற்ற மீனெல்லாம் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற ஜாதி, அதற்கு எதற்கு வருகை? பனையேறிதான் மழை விழுந்ததும் செவுள் மூடியை ஊன்றி ஊன்றித் தரையில் நடந்து அடுத்த ஏரிக்குக் கிளம்பிவிடும். கேட்டைத் தாண்டிப் போகிறவனுக்குத்தானே டைம் ஆபீஸ்.

முதல் வருடம் நாற்பது பக்கம் நிறைந்தது. அந்த வருடம் ஏரியில் கல்லை எறிந்தால் கல் முழுகாது. மீன் முதுகு மேலேயே தாவித் தாவி அக்கரைக்குப் போய்விடும். ஐப்பசி மழைக்கு முப்பது முப்பதாக வரிசை கட்டிக்கொண்டு கிளம்பின. ஏழு மீன் கரண்டுக் கம்பத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் நிற்க, லைன்மேன் வந்து இறக்கிவிட்டார். ஒரு கூட்டம் கிருஷ்ணகிரி டோல்கேட் வழியாகவே போனது. பைக் போகிற ஓரத்தில் போனதால் கட்டணம் கேட்கவில்லை. ஒழுங்கு தெரிந்த மீன்கள்.

அடுத்த வருடம் இருபது பக்கம். அதற்கடுத்த வருடம் நாலு. அப்புறம் அரைப் பக்கம். இந்த வருடம் ஆவணி முடியும்வரை ஏ, ஏ, ஏ, ஏ என்று ஒரே ஆப்சென்ட். நோட்டைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் யாரோ வலியில் முனகுவது போல இருந்தது.

புதன்கிழமை காலை சரசம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, அந்த ஏரியில மீன் இருக்குதா இல்லியா?"

"இருக்குது. லீவுல இருக்குது."

"ஞாயித்துக்கெழம நம்ம பையன் பரிதி கார் எடுத்துகினு வரான். எலக்ட்ரானிக் சிட்டியில பத்தாவது மாடி. உங்களுக்குன்னு தனி ரூம்பு, பெயிண்டெல்லாம் அடிச்சிட்டான். எந்நேரமும் தண்ணி வருது. மூணு வருஷமா கூப்புடறான், நீங்க மீனைச் சாக்கு சொல்லிகினு இருக்கறீங்க."

"ஏரிய உட்டுட்டு வர முடியாது சரசு. ரெக்கார்டு நின்னு போவும்."

"செரி. ஒரே ஒரு பனையேறி. இந்த ஏரியில இருந்து வந்ததா இருக்கணும். பாய் கடையில வாங்கியாந்தா கண்ணப் பாத்தே கண்டுபுடிச்சிடுவன். ஞாயித்துக்கெழம அவன் வரதுக்குள்ள என் கையில குடுங்க, நான் இந்த வீட்டை உட்டு நகரல. இல்லீன்னா நோட்டை மூடிட்டுக் கார்ல ஏறுங்க."

பத்தாவது மாடியைப் பற்றித் தீர்த்தகிரிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அங்கே யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரியாது. லிப்ட் கதவு திறக்கும், மூடும். வந்தவன் கையெழுத்துப் போடமாட்டான்.

நேராகக் குலாம் முகம்மதுவிடம் போனார். சர்வீஸ் ரோட்டில் மீன் வறுவல் கடை வைத்திருக்கிறவர். கடைப் பலகையில் ‘தொட்டேரி உயிர் மீன் வறுவல்’ என்றிருக்கும். மீன் ஆந்திராவிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். பலகையில் எழுதிய நாளில் அது உண்மையாக இருந்தது, அழிக்க நேரம் கிடைக்கவில்லை என்பார்.

"என்னா டைமாபீஸு, மூஞ்சி ஏ ஷிப்ட்லயே ராத்திரி சி ஷிப்ட் மாதிரி இருக்குது?"

தீர்த்தகிரி விஷயத்தைச் சொன்னார். குலாம் முகம்மது வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு யோசித்தார்.

"கர்நாடகாவுக்குப் போயிருக்கும்யா. அத்திப்பள்ளி தாண்டிட்டா அங்க எல்லாமே ஜாஸ்தி."

"போனா நோட்டுல அவுட் பாஸ் இருக்கும் பாய். ஒண்ணுகூட வெளிய போவல."

"அப்ப நீர்க்காக்கா தின்னிருக்கும்."

"நீர்க்காக்காவுக்கும் தனியா வருகை வச்சிருக்கறன். வந்தது மூணு. அதுல ஒண்ணுக்குக் கண்ணு தெரியாது."

உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த முனவர் பேகம், குலாமின் மனைவி, தலையை நீட்டினாள்.

"அண்ணா, போன மாசம் மதகு ஓரத்துல ஒண்ணப் பாத்தன். எம்மாம் பெருசு! அது வாயில இருந்து இன்னொரு பனையேறியோட வாலு தொங்கிகினு இருந்துச்சு."

"தின்னது யாரு, தின்னப்பட்டது யாரு தங்கச்சி?"

"தின்னது தாத்தா. வாலு பேரனோடதா இருக்கும்."

தீர்த்தகிரி கையிலிருந்த வடை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. முப்பத்து மூன்று வருட உத்தியோகமும் ஒரு நொடியில் கண்முன் வந்தது.

"பாய்! எண்பத்தெட்டு பேட்ச்!"

கம்பெனியில் எண்பத்தெட்டில் ஒரே நாளில் நானூறு பேர் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்குக் கேன்டீன் பெஞ்சு அவர்களுடையது, சூடான வடை அவர்களுடையது, ஓவர்டைம் அவர்களுடையது. டிரெய்னிங்குக்கு வந்த பையன்கள் எல்லாம் மூன்று மாதத்தில் காணாமல் போனார்கள். யாரும் அவர்களைத் தின்னவில்லை, ஆனால் நோட்டில் விழுந்தது அதே ஏ தான். பிறகு நானூறு பேரும் ஒட்டுக்காக ரிட்டயர். ஷெட்டில் காற்று வீசியது. மறு வருடம் பெஞ்சு காலி என்று தெரிந்து ஐநூறு பையன்கள் வந்து இறங்கினார்கள், ஒருவனும் வேலையை விட்டுப் போகவில்லை. இனி அவர்கள்தான் முப்பது வருடத்துக்கு வடை சாப்பிடுவார்கள்.

"ஏரியிலயும் அதே கதை பாய். ஒரு நல்ல மழைக்கு ஒரு பெரிய பேட்ச் பொறக்குது. அது வளந்து, கீழ வர குஞ்சையெல்லாம் முழுங்கிடுது. கீழ ஆளே இல்லாம மேல வயசாவுது. வயசாயி ஒவ்வொண்ணா போவுது, நமக்கு எண்ணிக்கை குறையுது. கடைசி சீனியர் எடத்தைக் காலி பண்ணினாத்தான் அடுத்த பேட்ச் தலையெடுக்கும்."

"இப்ப எத்தன சீனியர் பாக்கி?"

"தங்கச்சி பாத்தது ஒண்ணுதான்."

"அப்ப அந்த ஒண்ணைப் புடி. பொண்டாட்டிக்கும் ஆச்சு, ஏரிக்கும் ஆச்சு."

வியாழக்கிழமை தூண்டில் போட்டார். சீனியர் புழுவை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு முள்ளைத் துடைத்துத் திருப்பி அனுப்பினார். வெள்ளிக்கிழமை குலாமும் சேர்ந்து வலை போட்டார். சீனியர் கரையேறி, வேப்ப மரத்தில் ஏறி, வலையில் என்ன மாட்டுகிறது என்று மேலேயிருந்து கடைசிவரை பார்த்துவிட்டு, இவர்கள் வலையைச் சுருட்டிய பிறகு இறங்கித் தண்ணீருக்குப் போனார். சனிக்கிழமை இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"டைமாபீஸு, நீ சர்வீசுல எத்தன பேர வூட்டுக்கு அனுப்பியிருப்ப?"

"ஆயிரம் பேருக்கு மேல."

"ஒருத்தனயாச்சும் வலை போட்டுப் புடிச்சா அனுப்புன?"

"சேச்சே. சால்வை போட்டு அனுப்பினன்."

சொன்ன பிறகுதான் தீர்த்தகிரிக்கு தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றே முக்காலுக்கு எல்லாம் தயார். மரத்தடியில் நீல நாற்காலி, அதன் மேல் ஈரத் துண்டு. ராயக்கோட்டை சாமந்தியில் சின்னதாக ஒரு மாலை. ஒரு சால்வை, நான்காக மடித்தது. தட்டில் மைசூர்பாகு ஒன்று, மிக்சர் ஒரு பொட்டலம். இவை இல்லாமல் ஓசூரில் இதுவரை ஒருவரும் ரிட்டயர் ஆனதில்லை. சரியாக இரண்டு மணிக்குத் தீர்த்தகிரி கைபேசியில் பதிந்து வைத்திருந்த கம்பெனிச் சங்கை ஊதவிட்டார்.

சங்கு ஓய்வதற்குள் சீனியர் கரைக்கு வந்துவிட்டார். ஒன்று ஐம்பத்தைந்துக்கே கேட்டருகில் வந்து நிற்கிற ஆள் போலிருந்தது வேகம். முழங்கை நீளம், முதுகில் பாதிச் செதில் இல்லை, சங்கத் தலைவர்களுக்கே உரிய கீழுதடு. யாரையும் பார்க்காமல் செவுளை ஊன்றி நடந்து வந்து, நாற்காலிக் காலைப் பிடித்து ஏறி, ஈரத் துண்டின் மேல் படுத்து, மாலைக்குக் கழுத்தை நீட்டினார். மீனுக்குக் கழுத்து ஏது என்று கேட்பவர்கள் அன்று அங்கே இல்லாதவர்கள்.

குலாம் முகம்மது தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"ஐயா இத்தன வருஷத்துல ஒரு நாளும் லீவு போட்டதில்ல. அமைதியா வந்து அமைதியா வேலை பாத்தாரு. நடுவுல கொஞ்சம் பேரைச் சாப்பிட்டாரு. அது எல்லா எடத்துலயும் நடக்கறதுதான்."

முனவர் பேகம் கை தட்டினாள். தீர்த்தகிரி சால்வையைப் போர்த்தினார். முப்பத்து மூன்று வருடத்தில் ஆயிரம் பேருக்குப் போர்த்திய கை, இன்றைக்குச் செவுளை மூடாமல் ஓரத்தை மடித்துவிட்டது.

அப்போது கார் வந்து நின்றது. மகன் இளம்பரிதி இறங்கினான், பின்னால் சரசம்மா. கார் டிக்கியில் கட்டிய மூட்டைகள். நாற்காலியையும், மாலையையும், மிக்சரை ஒவ்வொரு கடலையாகப் பொறுக்கிக்கொண்டிருந்த விருந்தாளியையும் சரசம்மா நின்று பார்த்தாள்.

"இதா?"

"இதான். நம்ம ஏரிதான். தானா வந்துச்சு, கேட்டுப் பாரு."

சரசம்மா குனிந்து கண்ணைப் பார்த்தாள். ஐஸ் பெட்டிக் கண் இல்லை. துண்டோடு சேர்த்து மீனைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் நிமிர்ந்தபடியே நின்றுவிட்டாள்.

"பந்தயத்துல நீங்க ஜெயிச்சிட்டீங்க. ஆனா சால்வை போட்ட மனுஷனை எப்பிடிங்க மொளகாய்த்தூள் தடவி வறுக்கறது?"

"திரும்பத் தண்ணியில உட்டா மறுபடியும் குஞ்சைத் தின்னும்," என்றார் குலாம். "ரிட்டயர் ஆனவன் கேட்டுக்குள்ள வரக்கூடாது."

"அப்ப எங்க போவாரு? எல்லாரும் ரிட்டயர் ஆனா புள்ள வூட்டுக்குத்தான போவாங்க?" என்றாள் முனவர்.

"இவருக்குப் புள்ளைங்க இல்ல தங்கச்சி. எல்லாத்தையும் சாப்டுட்டாரு."

இளம்பரிதி தலையைச் சொறிந்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"அப்பாவுக்குப் பெயிண்ட் அடிச்ச ரூம் சும்மாதான இருக்குது."

மூட்டைகள் கீழே இறங்கின. ஒரு பக்கெட் தண்ணீர் மேலே ஏறியது. சீனியர் மாலையோடு முன் சீட்டில் கிளம்பிப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கே லிப்டில் ஏறமாட்டேன் என்று அடம் பிடித்து, தினமும் பத்து மாடியும் படியிலேயே ஏறி இறங்குகிறாராம். மீதி நேரம் பால்கனியில் ஒரு நீலத் தொட்டி. அதன் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு கீழே செக்யூரிட்டி கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பாராம், யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று.

இங்கே ஐப்பசி மழைக்குக் குஞ்சுகள் தலையெடுத்தன. தின்ன ஆள் இல்லை, பெஞ்சு காலி. நோட்டில் நாற்பத்தோரு பக்கம். அவையும் ஒரு நாள் சீனியர் ஆகும், பேரனைத் தின்னும், மறுபடி எண்ணிக்கை குறையும், அதற்கும் தீர்த்தகிரி ஒரு சால்வை வாங்கித் துவைத்து வைத்திருக்கிறார். சரசம்மா ஆறு மணிக்கெல்லாம் காபி கொடுத்துவிடுகிறாள். நம்பாதவர்கள் எந்த நாளும் ஏ ஷிப்டில் தொட்டேரிக்குப் போய்ப் பார்க்கலாம்.

போய்ப் பார்த்தவர்கள் கண்டது காலி நாற்காலியைத்தான். தீர்த்தகிரியும் சரசம்மாவும் நான்கு வருடமாக எலக்ட்ரானிக் சிட்டியில், மகன் வீட்டில், பத்தாவது மாடியில் இருக்கிறார்கள்.