ஏழாம் நம்பர் காது

மேஜை மேலிருந்த தேநீர்த் தம்ளர் கடகடவென்று ஆடி நின்றபோது மணி ஒன்பது நாற்பத்திரண்டு. அதிர்வுக் கண்காணிப்பு அறையிலிருந்த ரெஜினா தம்ளரைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தாள்.

பூமி முனகினால் கேட்பதற்காகச் சுரங்கச் சுவர்களில் பதினைந்து கருவிகளை முடுக்கி வைத்திருந்தார்கள். போலந்தில் ரிப்னிக் பக்கத்துச் சுரங்கக்காரர்களுக்கு அவை காதுகள். பதினான்கு காதுகள் அலறியிருந்தன. கரி வெட்டும் முகப்புக்கு மிக அருகிலிருந்த ஏழாம் நம்பர் மட்டும் லேசாகத் தும்மியிருந்தது.

கணினி, முகப்புக்கு அருகிலிருக்கும் ஏழாம் நம்பருக்கே அதிக மதிப்புக் கொடுத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அதிர்ச்சி எல்லைக்கோட்டுக்கு மயிரிழை கீழே என்றது. கோட்டைத் தாண்டினால் ஆறு மணி நேரம் முகப்பில் ஒருவரும் நிற்கக் கூடாது. தாண்டாவிட்டால், ஒதுங்கி நிற்கும் பதின்மூன்று பேரும் உடனே உள்ளே போகலாம். ரெஜினாவின் கையெழுத்துதான் பாக்கி.

தலைமைப் பொறியாளர் கொபிலெட்ஸ் அதற்குள் போன் செய்துவிட்டார். கோட்டுக்குக் கீழேதானே, ஆட்களை அனுப்பு என்றார். சுரங்கக்காரர்களைக் காக்கும் புனித பார்பராவின் திருநாளுக்கு நான்கு நாள் இருந்தது. அன்றைக்கு மேடையேறி, வருஷ இலக்கை எட்டிவிட்டோம் என்று அவர் சொல்லியாக வேண்டும்.

ரெஜினா பதிவைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள். கரியை இழுத்துப்போகும் சங்கிலியின் உறுமல் ஏழாம் நம்பரில் எப்போதும் கேட்கும். இன்று காலை ஏழு இருபதிலிருந்து அதைக் காணோம். சங்கிலியோ அதிர்ச்சி வரை நிற்காமல் ஓடியிருந்தது.

கீழே ஆட்கள் ஒதுங்கி நின்ற இடத்துக்குப் போன் போட்டாள்.

"கடவுள் துணை" என்றான் அவள் தம்பி ரைமுண்ட். அந்தக் கோஷ்டிக்கு மேஸ்திரி அவன்தான். சுரங்கத்தில் வணக்கம் அதுதான். வெட்டுப்பழி பகையானாலும் பதில் சொல்லாமல் விடமாட்டார்கள்.

"கடவுள் துணை. ஏழாம் நம்பரை யாருடா தொட்டது?"



"இந்த வாரம் மூணு தடவை ஆறாறு மணி நேரம் உக்கார வெச்சுட்டேக்கா. கரி வெட்ட வந்தோமா, சீட்டாட வந்தோமா? கழட்டி என் ஜாக்கெட்டுல சுத்தி வெச்சேன். சாயங்காலம் மாட்டிடறேன்."

"உன் காதைப் பொத்தினா பாறை வாயை மூடிக்குமாடா?"

"பாறை எனக்குத் தெரியும்க்கா. இருபத்திரண்டு வருஷம்."

போனை வைத்தாள். ஏழாம் நம்பரை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டாள். எல்லைக்கோட்டைப் போல இரண்டு மடங்கு.

அதற்குள் கொபிலெட்ஸே வந்து நின்றார். ஏழாம் நம்பர் பொய் சொல்கிறது என்று மட்டும் சொன்னாள். அவர் தேனாகப் பேசினார். பழுது என்று எழுது, மெக்கானிக் இறங்கிப் பார்த்து மதியத்துக்குள் சான்று தருவார், அதுவரை கணினி சொன்னதுதான் கணக்கு என்றார். சட்டம் அவர் பக்கம் இருந்தது. யாராவது வேண்டுமென்றே கைவைத்திருந்தால்தான் ஒரு பதிவை அந்த நிமிஷமே தள்ள முடியும். அதற்கு ஆள் பெயரை எழுத வேண்டும். பெயர் எழுதப்பட்ட மேஸ்திரிக்கு உரிமம் போகும். மறுபடி சுரங்கத்தில் இறங்க முடியாது.

ரெஜினா பேனாவை எடுத்தாள்.

"ஒரு ஜாக்கெட்டுக்காக உன் தம்பி பொழப்புல நீயே மண்ணள்ளிப் போடப் போறியா?"

ரெஜினாவின் பேனா நின்றது. ஜாக்கெட் என்ற சொல்லை அவள் அவரிடம் சொல்லவே இல்லை.

எழுதினாள். ஏழாம் நம்பர் ஜாக்கெட்டில் சுற்றப்பட்டது, செய்தவர் மேஸ்திரி ரைமுண்ட் காவ்லிக். கீழே இன்னொரு வரி: பத்து ஐந்துக்குத் தலைமைப் பொறியாளர் கொபிலெட்ஸுக்கு ஜாக்கெட் விஷயம் தெரிந்திருந்தது, தெரிந்தும் ஆட்களை உள்ளே அனுப்பச் சொன்னார்.

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"படிச்சுப் பாருங்க சார். தப்பு இருந்தா சொல்லுங்க."

திருநாள் முடிந்ததும் இந்த நாற்காலியில் நீ இருக்க மாட்டாய் என்று சொல்லிவிட்டுப் போனார். ரெஜினா முகப்பில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு கொடுத்தாள். ஆறு மணி நேரம்.

மதியம் ஒன்று பதினெட்டுக்குத் தம்ளர் தரையில் விழுந்து உடைந்தது. பதினான்கு காதுகள் ஓலமிட்டன. ஏழாம் நம்பரின் கோடு நேராகப் படுத்துவிட்டது. எண்பது மீட்டர் முகப்பு மூடிக்கொண்டது. உள்ளே யாரும் இல்லை.

மாலை ரைமுண்ட் குளிக்காமலேயே வந்தான். கரி அப்பிய முகத்தில் கண் மட்டும் வெள்ளை. வெளியே தாழ்வாரத்தில் கொபிலெட்ஸ் யாருக்கோ போனில், நாம் சரியான நேரத்தில் எடுத்த முடிவு என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"கடவுள் துணை, அக்கா."

அவள் பதில் சொல்லவில்லை. பதிவேட்டைத் தள்ளினாள். இரண்டு வரியையும் படித்தான். தாழ்வாரத்துக் குரலைக் காதுகொடுத்துக் கேட்டான்.

"திங்கக்கிழமை அந்தாளுதான் சொன்னாரு. காதைக் கொஞ்சம் ஜாக்கெட்டால போர்த்தி விடுங்கப்பா, சளி புடிக்கப் போகுதுன்னு. எல்லாரும் சிரிச்சோம்."

"என்கிட்ட ஏன்டா சொல்றே? எழுது."

கறுத்த விரல்களில் பேனாவைப் பிடித்து மூன்றாவது வரியை எழுதினான். பெயர் போட்டான். தாளில் பெருவிரல் தடம் பதிந்தது. நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்து நின்றான்.

"போய்க் குளி" என்றாள். "உன் வணக்கத்துக்குப் பதில் சொல்ல இன்னும் மனசு வரல."