பேத்தை மீனுக்குக் கசப்புத் தண்ணீர்

"மீனுக்குத் தாகம் எடுக்குமாப்பா?"

நான்கு வயதில் ஐசானெம் கேட்ட கேள்வி அது. ஒராஸ்பாய் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். "தண்ணிக்குள்ளயே குடியிருக்கிறவனுக்கு ஏதும்மா தாகம்? தாகமெல்லாம் நம்ம ஊர்க்காரனுக்குத்தான்" என்றான். பக்கத்தில் ரொட்டியைப் பிட்டு வைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி சர்பினாஸும் கூடச் சேர்ந்து சிரித்தாள். நான்கு வருடம் கழித்து, நூக்குஸ் சந்தையின் மீன் வரிசையில் தனியாக நிற்கும்போது அவளுக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. ஒராஸ்பாயின் தொலைபேசி அணைந்து அன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அவன் ருஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். கடைசியாகப் பேசிய அன்று, வேலையிடத்துச் சாப்பாட்டுக் கடையில் இருந்த மீன்தொட்டியைத் தொலைபேசியில் மகளுக்குக் காட்டினான். பயந்தால் பந்துபோல ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் ஒன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஐசானெமை உற்றுப் பார்த்தது. வரும்போது இப்படி ஒன்று கொண்டுவருவேன் என்று சொன்னான். அதன்பின் எண் அடிக்கவே இல்லை. அவனோடு போனவர்களில் ஒருவன், வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்றான். இன்னொருவன் சர்பினாஸின் குரலைக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்தான். ஐசானெம் அப்பாவைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். மீன் எப்போது வரும் என்று மட்டும் கேட்டாள். சர்பினாஸை அதுதான் அதிகம் பயமுறுத்தியது.

மீன் விற்கும் வலேரி ஹான் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கொரியக் கிழவர். கையை நனைத்தபடியேதான் பேசுவார்.

"பேத்தையில ரெண்டு வகை இருக்கு மகளே. இந்தப் பொடிசு நகத்தளவுதான், இதுக்கு மேல வளராது. உசிரோட அசையிற தீனி போடணும், மத்தபடி தொல்லை இல்ல. அந்தப் பக்கம் பச்சையில கருப்புப் பொட்டு போட்டவன் முரடன். கூட எந்த மீனையும் விட முடியாது, வாலைக் கடிச்சுத் துப்பிருவான். இதுக்கு முன்ன மீன் வளத்திருக்கியா?"

"இல்லண்ணே."

"அப்ப பொடிசு எடுத்துக்க."

பொடிசைப் பார்த்தாள். ஒரு பாசித் துணுக்கின் பின்னால் அது நடுங்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பச்சை மீன் கண்ணை மட்டும் உருட்டி அவளை அளந்தது.

"கெட்டியா நிக்கிறது எது?"

"கெட்டின்னா பச்சைதான். பத்து வருஷம் இருக்கும்."

"அதையே குடுங்க."

ஹான் தோளைக் குலுக்கிவிட்டு வலையை எடுத்தார்.

அவர்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். கொதிக்க வைத்தால் கெண்டியின் அடியில் வெள்ளைப் பொருக்குத் தட்டும். செவ்வாயும் வெள்ளியும் தெருமுனைக்கு வரும் லாரித் தண்ணீரைக் குடிக்கவும் தேநீர் போடவும் மட்டும் எடுத்து வைப்பார்கள். விருந்தாளி வந்தால் வீட்டார் உப்புத் தேநீர் குடித்தாவது அவருக்கு லாரித் தண்ணீரில் போட்டுக் கொடுப்பார்கள். சர்பினாஸும் அந்த மீனை விருந்தாளியாகத்தான் நினைத்தாள். பிஸ்மில்லா சொல்லி, வாளி வாளியாக லாரித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள்.

ஐசானெம் வாய்க்காலிலிருந்து நத்தைகளைப் பொறுக்கி ஒரு சீசாவில் போட்டு வைத்தாள். மீனுக்கு வயிறு பால் வெள்ளை. நத்தையைப் போட்டதும் வாயை ஒட்ட வைத்து ஒரே கடி. ஓடு நொறுங்கும் சத்தம் பக்கத்து அறைவரை கேட்டது. மூன்றாம் நாள், கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி அவள் சொன்னாள்: "இது இருக்கிற வரைக்கும் அப்பா இருப்பாரும்மா."

சர்பினாஸின் கையிலிருந்த மாவு உருண்டை அப்படியே நின்றது. "அப்படிச் சொல்லக்கூடாது. உசிரு ஆண்டவன் கையில. மீனு கையில இல்ல."

மகள் இன்னொரு நத்தையைப் போட்டாள்.

இரண்டாவது வாரத்தில் வெள்ளை வயிறு சாம்பல் நிறமானது. பிறகு கரிப் பலகைபோல் கறுத்தது. மீன் வாலை ஒருபக்கமாக மடித்துக்கொண்டு மூலையில் கிடந்தது. நத்தைகள் அதன் முகத்தின் மீதே ஊர்ந்து போயின. தண்ணீர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து சர்பினாஸ் தினமும் பாதியை இறைத்துவிட்டுப் புது லாரித் தண்ணீர் ஊற்றினாள். அதற்காகத் தன் தேநீரைக் குறைத்தாள். பிறகு நிறுத்தியே விட்டாள். மாற்ற மாற்ற மீன் மேலும் கறுத்தது. அந்த வாரம்தான் வற்றிப்போன கடலின் பக்கமிருந்து உப்புக் காற்று வேறு கிளம்பியது. வானம் வெள்ளையாகிப் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணி திணித்துவிட்டு உட்கார்ந்தால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஓடு நொறுங்கும் சத்தம்கூட இல்லை. மகள் பள்ளிக்குப் போக மறுத்துத் தொட்டியின் முன்னாலேயே படுத்துக்கொண்டாள். தொலைபேசி அணைந்து எத்தனை நாள் என்று சர்பினாஸுக்குத் தெரியும். செத்தவருக்கு ரொட்டி சுட்டு ஊரைக் கூட்டும் நாற்பதாம் நாளின் எண் அது. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

காற்று தணிந்த அன்றே முக்காட்டை இறுக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடினாள்.

"என்ன தண்ணி ஊத்துற?" என்றார் ஹான்.

"லாரித் தண்ணிதாண்ணே. ஒரு சொட்டு குழாய்த் தண்ணி சேக்கல."

கிழவரின் கை தொட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. "அடக் கடவுளே. இவன் பிறக்கிறது ஆத்துல, வளந்தா உப்புல போய் நிக்கிறவன். கடல் வாய்க்குப் பக்கத்துல திரியிற சாதி. இந்த ஊர்ல எல்லாரும் குழாய்த் தண்ணியத்தான் ஊத்துறாங்க, இவனும் ஒப்பேத்திட்டுக் கிடப்பான். அதனால நான் வாயைத் தொறந்து சொல்லல. லாரித் தண்ணிய யாரு மீனுக்கு ஊத்துவா?"

"நல்ல தண்ணின்னுதானே..."

"உனக்கு நல்லது." சொல்லிவிட்டு, சொன்னது கடுமையாகிவிட்டதோ என்று குரலைத் தாழ்த்தினார். "என் தப்பும்மா அது, உன் தப்பில்ல. மீன்தொட்டி உப்பு தீந்துபோச்சு, தாஷ்கந்துலருந்து எப்ப வருமோ தெரியாது. சமையல் உப்பை அள்ளிக் கொட்டிராத, அது வேற. நம்ம மண்ணுல ஊறின தண்ணி, நல்லாக் கரிக்கிறது, யாரு வீட்டுலயாச்சும் கிடைக்குமா? தினம் ஒரு செம்பு, மெதுவாச் சேத்துப் பாரு. பொழைக்கும்னு சொல்ல மாட்டேன்."

அப்படிப்பட்ட தண்ணீர் யார் வீட்டில் இருக்கிறது என்று அவளுக்குக் கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

தெருவின் கடைசி வீடு பல்ஸாதாவுடையது. அவள் முற்றத்துக் கைக்குழாயில் வருவது உப்பைத் தாண்டிய கசப்பு. ஐசானெம் பிறந்த அன்று இதேபோல் உப்புக் காற்று வீசியது. வண்டி தெருவுக்குள் வரவில்லை. வலியெடுத்த சர்பினாஸின் தலைக்கு மேல் ஈரப் போர்வையைப் பிடித்தபடி பெரிய சாலைவரை நடந்தவள் பல்ஸாதா. தன் முகத்தை மூடவில்லை. ஒரு மாதம் அவள் கண் சிவந்தே கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய ஒரே மகன் பகாதிர், ஒராஸ்பாயின் கூட்டத்தோடு ருஷ்யாவுக்குப் போனவன், மூடிய பெட்டியில் திரும்பி வந்தான். ஏழாம் நாள்வரை சர்பினாஸ் அந்த வீட்டுக்குப் போனாள். அதன்பின் போகவில்லை. கணவனை அதே வேலைக்கு அனுப்பிவிட்டு அந்த வாசலை மிதிக்க அவளுக்குப் பயமாக இருந்தது. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, தெருவே அப்படித்தான் ஒதுங்கியிருந்தது.

பல்ஸாதா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சர்பினாஸ், வழி தவறி வந்துட்டியா?"

"தண்ணி கேக்க வந்தேங்க்கா."

"என் குழாயிலயா? ஆடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போற தண்ணி அது."

"மீனுக்கு."

சர்பினாஸ் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் சொன்ன வார்த்தையை மட்டும் சொல்லாமல் விட நினைத்தாள், அதுவும் வாயில் வந்துவிட்டது. பல்ஸாதா கையில் ஒட்டிய தவிட்டை வழித்துப் போட்டாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிப்பு.

"நான் இந்தக் குழாயத் திட்டாத நாளில்ல. இதுக்கும் ஒரு வாய் காத்துக்கிட்டிருந்திருக்கு பாரேன். எடுத்துக்க, எப்ப வேணாலும் வந்து எடுத்துக்க. முதல்ல டீ குடி."

பால் திரிந்து தேநீரின் மேல் துகள் துகளாக மிதந்தது. சர்பினாஸ் ஒரு வாய் குடித்தாள். உப்பு.

"லாரித் தண்ணி பிடிக்கிறதில்லையாக்கா?"

"லாரி தெருமுனையோட நின்னுருதே. முன்னாடி பகாதிர் தூக்கிட்டு வருவான். என் முதுகு இப்ப ஒரு செம்புக்கு மேல தூக்க விடாது." வெயிலைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னாள். வாளி நிறைந்து சர்பினாஸ் கிளம்பும்போது, குழாயின் கைப்பிடியை விடாமலே கேட்டாள். "போன் வந்துச்சா?"

"இல்லக்கா."

"பகாதிர் போன் நின்ன ஒம்பதாம் நாளே எனக்குச் சேதி வந்துருச்சு. உனக்கு இன்னும் வரல. அதைப் பிடிச்சுக்க."

அன்று சாயங்காலம் முதல் செம்பை ஊற்றினார்கள். மூன்றாம் நாள், மீனின் கறுத்த வயிற்றோரம் நூல் அளவு வெளுத்ததுபோல் இருந்தது. ஜன்னல் வெளிச்சமாகவும் இருக்கலாம். ஐசானெம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "அம்மா, இதுக்குத் தாகம் எடுத்திருக்கும்மா" என்றாள்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. மீனுக்கென்று இத்தனை நாள் ஒதுக்கிய இரண்டு வாளித் தண்ணீர் இப்போது மீனுக்கு வேண்டாம். பல்ஸாதா மாட்டை மேய்ச்சல் கூட்டத்தில் சேர்க்கப் போகும் நேரம் பார்த்து, சர்பினாஸ் இரு வாளிகளையும் தெருக்கடைசிவரை சுமந்தாள். முற்றத்தில் யாரும் இல்லை. கதவோரம் இருந்த அலுமினியப் பால்கேனில் உப்புத் தண்ணீர் அரைவாசி கிடந்தது. அதை மாட்டுத் தொட்டியில் கவிழ்த்து, கேனை அலசி, லாரித் தண்ணீரைக் கழுத்துவரை ஊற்றி மூடியை அழுத்தினாள். வெளியே வழிந்த ஈரத்தை முக்காட்டு நுனியால் துடைத்தாள். பிறகு குழாயை அடித்துத் தன் வாளியில் கசப்புத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலைத் தாண்டியதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கேனின் அருகே கொஞ்சமும் குழாயின் அடியில் கொஞ்சமும் தண்ணீர் சிந்தியிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குழாயடியில் சிந்திய இடம் ஓரத்திலிருந்து வெள்ளையாகப் பூத்துக்கொண்டு வந்தது. கேனருகே சிந்தியது தடமே இல்லாமல் மண்ணுக்குள் போய்விட்டது. பாவாடைப் பையில் தொலைபேசி எந்தச் சத்தமும் இல்லாமல் தொடையில் கனத்துக்கிடந்தது. வாளி தளும்பாமல் அவள் நடந்தாள்.