ஐந்தாவது புள்ளி

விடியற்காலை ஐந்து மணிக்கே கொன்ஸ்ரன்ஸின் விரல்கள் வெந்நீரில் ஊறத் தொடங்கிவிடும். கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, வெள்ளவத்தைத் தனியார் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ் அறையில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவியே பதினொரு வருடம் போய்விட்டது.

அவற்றில் ஒன்று அதிர்வுக் கத்தி. நெஞ்சில் சிறு துளையிட்டு உள்ளே விட்டால் ஒலியதிர்வால் தசையை வெட்டும், இரத்தத்தையும் அடைக்கும். ஒரு நோயாளிக்குப் பாவித்ததும் எறியவேண்டும் என்று உறையிலேயே அச்சடித்திருக்கிறது. எறிய யார் விட்டார்கள்? டொலர் ஏறிய நாளிலிருந்து ஒரே கத்தியையே ஐந்து தரம் கழுவித் திரும்பப் பாவிக்கக் கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அதுவும் வெறும் வாய்ச்சொல். கழுவும் பெண்கள் தரத்துக்கொரு கறுப்புப் புள்ளியைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஐந்தாவது புள்ளியை வைத்தவள் கொன்ஸ்ரன்ஸ். அலகில் தசையைப் பிடிக்கும் வெள்ளைப் பட்டி தேய்ந்திருப்பது பெருவிரலுக்குத் தெரிந்தது. மேற்பார்வையாளரிடம் காட்டினாள். இன்றைக்கு மட்டும் போகட்டும் என்றார். அவளும் பொதிகட்டி அனுப்பிவிட்டாள். அன்றைக்கே துறைமுகத் தொழிலாளி சிறிலின் நெஞ்சுக்குள் பட்டி கழன்று இரத்தக்குழாய் கிழிந்தது. அவள் போகும் கோயிலுக்கே வருகிறவன். வெள்ளிக்கிழமை செத்துப்போனான். குப்பையில் போட்டிருக்கலாமே என்ற நினைப்பு அவளைத் தின்றது.

சனிக்கிழமை முகாமையாளர் நாகேந்திரம் கடிதத்தோடு காத்திருந்தார். எறியவேண்டியதை அவள் மறதியாகப் பொதிகட்டிவிட்டாளாம். கையெழுத்துப் போட்டால் பொலிஸ் இல்லை, வேலை மட்டும் போகும்.

"பிழை உம்மட கையாலதானே நடந்தது?"

"ஓம் சேர். ஆனா மறந்து செய்யேல்லை. ஐஞ்சு தரம் கழுவச் சொன்னது நீங்கள்தானே."

"எழுத்தில இருக்கோ?"

கதவைத் திறந்துகொண்டு கூடக் கழுவும் ஐறீனும் ஸமீமாவும் மயூரியும் ஈர ஏப்ரனோடு வந்தார்கள். ஐறீன் தான் ஒளித்துவைத்திருந்த ஏழு பழைய கைப்பிடிகளை மேசையில் பரப்பினாள். எல்லாவற்றிலும் புள்ளிகள்.

"நாங்களும் கழுவின சேர்," என்றாள் ஸமீமா. "ஒராள்ட தலையில போட ஏலா."

நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்புவேன் என்றார் அவர். அவர்கள் கைப்பிடிகளைப் பொறுக்கிக்கொண்டு, கையெழுத்திடாத கடிதத்தை மேசையிலேயே விட்டு வெளியேறினார்கள்.

பிரேத அறை வாசலில் சிறிலின் மனைவி றஷ்மி உட்கார்ந்திருந்தாள். கொன்ஸ்ரன்ஸ் அவள் முன்னால் குந்தினாள்.

"தங்கச்சி, உன்ர மனுசனுக்குப் பாவிச்ச கத்தியைக் கழுவினது நான். தேய்ஞ்சது தெரிஞ்சும் அனுப்பினனான்."

மன்னித்தேன் என்று றஷ்மி சொல்லவில்லை.

"இதைப் பொலிஸிலயும் சொல்லுவீங்களோ?"

நால்வரும் ஓம் என்றார்கள். றஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பொலிஸ் நிலையத்துக்கு ஐந்து பேரும் சேர்ந்தே நடந்தார்கள்.