ஒடிப்புக்காரம்மா

வெண்டைக்காயின் நுனியை நான் ஒடித்த சத்தம் கேட்டதும் கடைக்காரர் தலையைத் தூக்கினார். பெரிய மீசை. திட்டப்போகிறார் என்று கையை இழுத்துக்கொண்டேன். இந்த ஊர்ச் சந்தையில் காயைத் தொட்டுப் பார்ப்பதே குற்றம் என்று அக்கா ஃபோனில் சொல்லியிருக்கிறாள். "இங்க ஒரு மொறைப்பு மீசை இருக்கார்டி. வெண்டைக்காய் நுனிய ஒடிச்சா அவர் காதையே ஒடிச்ச மாதிரி கத்துறார். நான் விடுவேனா?"

அந்த மீசை இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தது.

"அட, ஒடிப்புக்காரம்மா! எங்க போயிட்டீங்க இவ்வளவு நாளா? ஊருக்கா?"

அவர் மொழி எனக்கு அரைகுறையாகத்தான் வரும். கேட்டால் புரியும், பதில் சொல்ல வாயில் வருவது ஒன்றுதான்.

"ஆமாம்" என்றேன்.

நான் போட்டிருந்தது அக்காவின் பச்சைக் கோட்டு. குளிரில் வந்து இறங்கியவளுக்கு அத்தான் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தது. முகம் முக்கால்வாசி கோட்டின் தொப்பிக்குள். வெளியே தெரிந்த மூக்கு, அம்மா எங்கள் இருவருக்கும் பொதுவாகக் கொடுத்தது. காய்ச்சல் என்று போன வருஷம் படுத்த அக்கா எழுந்திருக்கவேயில்லை. அக்கா பெற்ற பாப்பாவுக்கு ஒருத்தி வேணுமே என்று பெரியவர்கள் கூடிப் பேசி, அத்தானையே எனக்குக் கட்டிவைத்தார்கள். அவரைக் கூப்பிடும் முறையைக்கூட நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

"பாப்பா வளந்திருப்பாளே? ஒரு நாள் கூட்டிட்டு வாங்க." மீசைக்காரர் ஒரு கைப்பிடி காயைக் கூடுதலாகவே அள்ளிப்போட்டார்.

திருத்தியிருக்கலாம். வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் அதற்கான வாக்கியத்தை அவர் மொழியில் கட்டிப்பார்த்தேன். கட்டி முடித்ததும் நானே கலைத்துவிட்டேன். அந்த ஒரு கடையில் மட்டும் அக்கா சாகவில்லை. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறாள். நான் வாயைத் திறந்தால் அங்கேயும் போய்விடுவாள்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் தனியாகவே போனேன், பச்சைக் கோட்டில். அவர் கேட்பார், நான் ஆமாம் என்பேன். முழங்கால் வலி தேவலையா? ஆமாம். அக்காவுக்கு முழங்கால் வலி இருந்தது அவர் கேட்டுத்தான் எனக்கே தெரியும். எங்களிடம் அவள் சொன்னதேயில்லை. அன்று மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதியில் நின்று, மூச்சு விட்டு ஏறினேன்.

ஒரு நாள் சமையலறையில் வெண்டைக்காயைக் காதருகே பிடித்து ஒடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் காதுக்குள் விழுந்தால்தான் பிஞ்சு என்று நம்புவது அக்காவின் பழக்கம், என்னுடையதல்ல. எப்போது எனக்குத் தொற்றியது என்று யோசித்தேன், பிடிபடவில்லை. நிமிர்ந்தால் வாசலில் அத்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன அத்தான், பேயப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?"

சிரிப்பார் என்று நினைத்தேன். திரும்பிப் போய்விட்டார். மறுநாள் வேலையிலிருந்து வரும்போது கையில் ஒரு பை. உள்ளே புதுக் கோட்டு, சாம்பல் நிறம்.

"உன் அளவுன்னு நெனக்கிறேன். சரியில்லன்னா மாத்திக்கலாம்." பிறகு என்னைப் பார்க்காமல், "அந்தப் பச்சக் கோட்டு கொக்கியிலயே இருக்கட்டும்மா" என்றார்.

அந்த வீட்டில் எனக்கென்று அளவு பார்த்து வாங்கிய முதல் பொருள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். தோள் சரியாக உட்கார்ந்தது. மீசைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் என்று ஒருத்தி மிஞ்ச மாட்டாள் என்று அப்போது பட்டது.

அந்தச் சனிக்கிழமை பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சாம்பல் கோட்டில் நின்றவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"எவ்வளவு வேணும்?" என்றார், யாரோ ஒருத்தியிடம் கேட்பதுபோல. அதுவும் வலித்தது. நான் எதையும் ஒடிக்கவில்லை. இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் அழுத்தி வைத்திருந்தேன். சொல்ல வந்த வாக்கியம் நாக்கில் ஏறி நின்றது.

பாப்பா எட்டி ஒரு காயை எடுத்தாள். காதருகே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள். டக்.

மீசைக்காரர் அவளையே பார்த்தார். "ஏய், குட்டி ஒடிப்புக்காரி! நீயா? அம்மா எங்க?"

பாப்பா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், அவர் மொழியில் தங்குதடையில்லாமல் சொன்னாள்:

"வீட்ல இருக்கா. இன்னைக்கு சித்தி அம்மாவோட கோட்டப் போடல."

அவர் என் கோட்டைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். காயை அள்ளிய கை பாதியில் நின்றது. பிறகு மெதுவாகப் பையில் போட்டது. எவ்வளவு புரிந்துகொண்டார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

"தங்கச்சியா?"

"ஆமாம்."

"அக்காவ நான் கேட்டேன்னு சொல்லுங்க."

சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். "சொல்றேன்" என்றேன்.

வீட்டுக்கதவைத் திறந்ததும் கொக்கியில் பச்சைக் கோட்டு. இத்தனை வாரமாக அதற்குள்ளிருந்தே உலகத்தைப் பார்த்திருக்கிறேன். எதிரில் நின்று பார்த்ததில்லை. ஒரு முழங்கை கொஞ்சம் தேய்ந்திருந்தது. அக்கா தேய்த்ததா, நானா?

"மீசை உன்னக் கேட்டார்க்கா" என்றேன்.

தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த பாப்பா தலையைத் தூக்கினாள்.

"அம்மா என்ன சொன்னா சித்தி?"